ஜன்னல் இல்லாத ஜீப்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

இங்கிலாந்தின் ஜன்னல் வரி பற்றி முன்பு எழுதியது நினைவிருக்கும். 1696இல் போட்டார்கள், 1851இல்தான் எடுத்தார்கள். வீட்டில் எத்தனை ஜன்னலோ அதற்கேற்ப வரி. மக்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைத்த ஜன்னல்களை அந்த நாட்டுப் பழைய தெருக்களில் இன்றும் பார்க்கலாம். அந்தப் பதிவின் கீழே ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "சார், இந்தக் கூத்தெல்லாம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதா?"

முடியவில்லை. வீட்டிலிருந்து வண்டிக்கு மாறிவிட்டது.

லேண்ட்ரோவர் டிஃபெண்டர் என்ற வண்டி தெரியும் அல்லவா? இன்று நம் டாட்டாவின் கையில் இருக்கும் கம்பெனி. 2008இல் ஃபோர்டிடமிருந்து வாங்கினார்கள். அந்த டிஃபெண்டரில் பிரிட்டனில் 'ஹார்ட் டாப்' என்று ஒரு வகை விற்கிறது. முன்பக்கம் பார்த்தால் அதே வண்டி. அதே இன்ஜின் வகை, அதே நாலு சக்கர இழுவை. முன் சீட்டுக்குப் பின்னால் போனால் சீட் கிடையாது, பக்கவாட்டில் கண்ணாடியும் கிடையாது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தகடு. உள்ளே சமதளமான தரை. டிஸ்கவரியிலும் இப்படி வந்தது, டொயோட்டா லேண்ட் க்ரூசரிலும் வந்தது. பெயர் மட்டும் 'கமர்ஷியல்'. வசதியைக் குறைத்த வண்டியை ஏன் தேடி வாங்குகிறார்கள்?

வரிதான் காரணம். கணக்கைப் பார்த்துவிட்டு வரலாற்றுக்குப் போவோம்.

பிரிட்டனில் வாட் 20 சதவீதம். வாட் பதிவு உள்ள ஒரு தொழில்காரர் 60,000 பவுண்டு கொடுத்து ஒரு வண்டி வாங்கினால், அதில் 10,000 பவுண்டு வாட். சட்டத்தின் பார்வையில் அது சரக்கு வண்டியென்றால் அந்தப் பத்தாயிரத்தைத் திரும்பக் கேட்கலாம். சொந்த உபயோகம் இருந்தால் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். காரென்றால், வெகு சில விதிவிலக்குகள் தவிர, ஒரு பைசா திரும்பாது. அடுத்தது தேய்மானம். சரக்கு வண்டியின் விலை முழுவதையும் முதல் வருடமே லாபத்தில் கழித்துவிடலாம். அதிகப் புகை விடும் காருக்கு வருடத்துக்கு 6 சதவீதம்தான். மூன்றாவது, கம்பெனி கொடுத்த வண்டியை ஊழியர் சொந்த வேலைக்கும் ஓட்டினால் அவர் தலையில் விழும் வரி. வேனுக்கு அது ஒரே தொகை. காருக்கோ வண்டியின் பட்டியல் விலையில் 37 சதவீதம் வரை அவருடைய வருமானமாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. வேனை வேலைக்கும், வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் போய்வரவும் மட்டும் ஓட்டினால் அந்த மூன்றாவது வரி அறவே இல்லை. காரென்றால் வீட்டுக்கு ஓட்டி வருவதே சொந்த உபயோகம்.

நம் ஊரில் மஞ்சள் போர்டா வெள்ளை போர்டா என்று கேட்போம். வண்டியை வைத்து என்ன செய்கிறாய் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம். பிரிட்டிஷ் சட்டம் முதலில் பார்ப்பது வண்டியின் உடம்பை. ஜன்னல் எங்கே, சீட் எத்தனை, எவ்வளவு எடை தாங்கும். என் கருத்தில் இந்தக் கதையின் எல்லாக் கோணலும் இங்கேதான் பிறக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே, 1940 அக்டோபரில், பிரிட்டன் 'கொள்முதல் வரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கார்களுக்கு மொத்த விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு. 1951இல் அது மூன்றில் இரண்டு பங்காக ஏறியது. போர் முடிந்த பிறகு கஜானா காலி. இரும்புக்கு ரேஷன். ஏற்றுமதி செய்பவனுக்குத்தான் இரும்பு என்று அரசு சொல்லிவிட்டது.

இந்த நெருக்கடியில்தான் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் ஒரு யோசனை செய்தார். வேல்ஸ் பக்கம் ஆங்கில்சீ தீவில் அவருக்கு ஒரு பண்ணை. அங்கே போர் முடிந்து கழித்த அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். நாமே இப்படி ஒன்று செய்தால் என்ன? 1947இல் செய்து பார்த்த மாதிரி வண்டியில் டிராக்டர் போல ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. உடம்புக்கு இரும்பு கிடைக்காததால் அலுமினியக் கலவைத் தகடு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியிட்டார்கள். விலை 450 பவுண்டு. அந்த விலைக்குக் கதவு கிடையாது, அதற்குத் தனிக் காசு. இன்ஜினிலிருந்து விசை எடுத்து மரம் அறுக்கலாம், கதிரடிக்கலாம். விவசாயிக்கான வேலைக் கருவி என்றுதான் விற்றார்கள். சட்டமும் அதைச் சரக்கு வண்டியாகவே எடுத்துக்கொண்டது. கொள்முதல் வரி இல்லை.

அதே 1948இன் கடைசியில் ரோவர் இன்னொரு முயற்சி செய்தது. அதே சட்டத்தின் மேல் டிக்ஃபோர்டு என்ற கூண்டு கட்டும் நிறுவனத்தை வைத்து மரச்சட்டம் போட்ட அழகான கூண்டு கட்டியது. தோல் சீட், ஜன்னல், ஏழு பேர் உட்காரலாம். ஸ்டேஷன் வேகன் என்று பெயர். ஜன்னலும் சீட்டும் வந்ததும் அது பயணிகள் வண்டி ஆகிவிட்டது. கொள்முதல் வரி விழுந்தது, விலை ஏறியது. விற்றது 700க்கும் குறைவு, அதிலும் பெரும்பாலானவை வெளிநாட்டுக்குப் போனவை. 1951இல் நிறுத்திவிட்டார்கள். வண்டியில் குறை இல்லை. மேலே கட்டிய கூண்டுதான் அதைக் காராக்கியது.

சரக்கு வண்டி என்ற பட்டம் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. அன்று பிரிட்டனில் சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு 30 மைல்தான் வேக வரம்பு. வரி இல்லாமல் வாங்கிய விவசாயி சந்தைக்குப் போகும்போது சற்று அழுத்தினால் போலீஸ் பிடிக்கும். அப்படிப் பிடிபட்ட ஒருவரின் வழக்கு பிரபுக்கள் சபை நீதிபதிகள் வரை போனது. ஒரு ஜீப்பின் வேகத்துக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை! அவர்கள் சொன்ன தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இது பல உபயோக வண்டி, வியாபார வேலையில் ஓடும்போது மட்டும்தான் சரக்கு வண்டி என்றார்கள். வண்டியின் உருவத்தை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பார்த்தார்கள். அந்த நிதானம் பிறகு வந்த வரிச் சட்டங்களில் இல்லாமல் போனது.

இனி வருவது சுவாரசியமான கட்டம்.

ஐம்பதுகளில் பத்துப் பேர் உட்காரும் நீள லேண்ட்ரோவர் வந்தது. முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் எதிரெதிர் பெஞ்சில் நான்கு. 1962இல் அதே நீளத்துக்குள் பன்னிரண்டு பேர் என்றார்கள். வண்டியை ஓர் அங்குலம்கூட நீட்டவில்லை. பின் பெஞ்சு ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர். நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஏன் பன்னிரண்டு? பன்னிரண்டு சீட்டும் அதற்கு மேலும் இருந்தால் சட்டப்படி அது பஸ். பஸ்ஸுக்குக் கொள்முதல் வரி இல்லை. விளைவு, பன்னிரண்டு சீட் வண்டி பத்து சீட் வண்டியைவிட மலிவு. அதைவிட வேடிக்கை, குட்டையான ஏழு சீட் வண்டியைவிடவும் மலிவு. பின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்த அந்த இரண்டு கூடுதல் ஆட்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் பயணம் செய்தார்கள்.

சிரிக்க வேண்டாம். நம் ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இப்படி ஓர் எண் உண்டு. டிரைவரைச் சேர்த்து 13 பேர் வரை ஏற்றும் வண்டிக்கு, டாக்சி, டிரைவிங் ஸ்கூல் போன்ற சில தொழில்கள் தவிர, உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார்களுக்குக் கலால் வரி குறைந்தது. அதற்குப் பிறகுதான் டிக்கியை நறுக்கிய கார்கள் நம் தெருவில் வரத் தொடங்கின. டாட்டா இண்டிகோ சி.எஸ். நீளம் 3,988 மில்லிமீட்டர். பன்னிரண்டு மில்லிமீட்டர் மிச்சம்!

1973 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் கொள்முதல் வரி போய் வாட் வந்தது. பெயர்தான் மாறியது. ஜன்னல் மாறவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட இடம் இருந்து, அதில் பக்க ஜன்னல் இருந்தால், அது கார். ஜன்னல் வைப்பதற்காகவே அமைத்திருந்தாலும் கார்தான். இன்று சட்டத்தில் இருக்கும் விலக்குகளைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் ஏறும் வண்டி கார் அல்ல. ஒரு டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் வண்டியும் கார் அல்ல.

அந்த ஒரு டன்தான் அடுத்த நாடகத்தின் மேடை. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என ஐந்து பேர் உட்காரும் கேபின், அதற்குப் பின்னால் திறந்த தொட்டி. இதுதான் டபுள் கேப் பிக்கப். பின் சீட்டுக்கு ஜன்னலும் கதவும் உண்டு. ஆனாலும் ஒரு டன் தாங்கினால் வாட் சட்டப்படி வேன். 2002 முதல் ஊழியர் மீதான வரிக்கும் இதே அளவுகோலை வரித்துறை ஏற்றுக்கொண்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேலே சுமக்கும் பிக்கப்புகள் வரிசைகட்டி வந்தன. தோல் சீட்டும் பெரிய திரையும் உள்ளவைதான். தொட்டிக்கு மேல் மூடி போட்டால் அதற்கு 45 கிலோ என்று வரித்துறையே ஒரு கணக்கு வைத்திருந்தது. ஆகவே 1,040 கிலோ தாங்கும் பிக்கப்புக்கு மழைக்கு மூடி போட்டால் மிச்சம் 995. வேன் காராகிவிடும்! தன் வெல்டிங் மெஷின் நனையக் கூடாது என்று மூடி வாங்கியவருக்கு இந்த வரித் தண்டனை.

அமெரிக்காவிலும் இதன் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான். சுருக்கமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். 1984இல் அந்த நாட்டு அரசு சொகுசுக் கார்களைத் தொழில் செலவில் எழுதுவதற்கு உச்சவரம்பு போட்டது. விவசாயியின் டிரக் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று 6,000 பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு, மேற்பட்டவற்றை விட்டுவிட்டார்கள். 2003இல் சிறு தொழில்கள் ஒரே வருடத்தில் கழிக்கக்கூடிய தொகையை ஒரு லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அவ்வளவுதான், ஹம்மர் போன்ற ராட்சச வண்டிகள் எல்லாம் டாக்டருக்கும் வக்கீலுக்கும் 'தொழில் கருவி' ஆகிவிட்டன. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது! 2004 அக்டோபரில் எஸ்.யு.வி.களுக்கு மட்டும் 25,000 டாலர் என்று வெட்டினார்கள். அதிலும் ஒரு டேப் அளவு உண்டு: கேபினிலிருந்து நேரே கைபோட முடியாத ஆறடித் தொட்டி இருந்தால் அந்த வெட்டு இல்லை.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். அங்கே இந்த விஷயம் நீதிமன்றம் ஏறியது ஜீப்பால் அல்ல, கோகோ கோலா வேனால். பான இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களுக்குக் கம்பெனி வேன் கொடுத்திருந்தது. ஃபோக்ஸ்வேகன் கோம்பி ஒரு வகை, வாக்ஸால் விவாரோ இன்னொரு வகை. டிரைவருக்குப் பின்னால் இன்னொரு சீட் வரிசை, அதற்குப் பின்னால் கருவிகளும் உதிரி பாகங்களும். இவை காரா வேனா? சட்டத்தின் சொல், சரக்கு ஏற்றுவதற்கே முதன்மையாகப் பொருத்தமான அமைப்பு என்பது. 2017இல் முதல் தீர்ப்பாயம் விவாரோ வேன், கோம்பி கார் என்றது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணாடி போட வேண்டும். 2019இல் மேல் தீர்ப்பாயமும் அதையே உறுதி செய்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுமே கார் என்று முடித்துவிட்டது. சரக்கும் ஆளும் சமமாக ஏற்றும் வண்டியைச் சரக்குக்கே முதன்மையானது என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம்.

வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் வழக்கில் பெயர் வந்தது யாருடையது? கம்பெனி வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அந்த வண்டிக்கான வரி, ஸ்பேனர் பிடிக்கும் மனிதரின் சம்பளத்தில்.

இந்தத் தீர்ப்பின் நிழல்தான் பிக்கப் மேல் விழுந்தது. ஐந்து சீட்டும் தொட்டியும் சரிசமமாக உள்ள வண்டி எப்படி வேன் ஆகும்? 2024 பிப்ரவரி 12 அன்று, ஜூலை முதல் டபுள் கேப்புகள் கார் என்று வரித்துறை அறிவித்தது. விவசாயிகளிடமிருந்தும் வண்டி விற்பவர்களிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 19 அன்று, அறிவிப்பை அரசு திரும்பப் பெற்றது. ஜூலையில் தேர்தல், ஆட்சி மாற்றம். அக்டோபர் 30 பட்ஜெட்டில் அதே விதி மறுபடி வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஊழியர் வரிக்கும் தேய்மானக் கணக்குக்கும் டபுள் கேப் கார். வாட் கணக்கில் மட்டும் ஒரு டன் விதி அப்படியே. ஆக, ஒரே வண்டி வாட் அதிகாரியின் மேஜையில் வேன், வருமான வரி மேஜையில் கார்!

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் லெஸ்டர் பக்கத்தில் எலெக்ட்ரிகல் வேலை செய்கிறார். சொந்தமாகச் சின்ன லிமிடெட் கம்பெனி, ஆள் அவர் ஒருவர்தான். போன வருடம் ஜனவரியில் கூப்பிட்டார். "சார், நீங்க வரலாறு சொல்வீங்க, எனக்கு இப்ப கணக்கு சொல்லுங்க. பிக்கப்பை இப்பவே புக் பண்ணவா, பொறுக்கவா?" ஆடிட்டரைக் கேளப்பா என்றேன். கேட்டுவிட்டார், ஆனால் புரியவில்லை. இருவரும் காகிதம் எடுத்து உட்கார்ந்தோம்.

50,000 பவுண்டு பட்டியல் விலை உள்ள டீசல் பிக்கப். வேனாக இருந்தால் 2025-26 கணக்கில் வருமானத்தில் சேர்வது 4,020 பவுண்டு. 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் கட்டுவது 804. அதே வண்டி காரானால் சேர்வது 18,500, கட்டுவது 3,700. நாற்பது சதவீத அடுக்கில் 1,608 என்பது 7,400 ஆகும். இதற்கு மேல் கம்பெனி கட்டும் தேசியக் காப்பீடு 15 சதவீதம், வேனுக்கு 603, காருக்கு 2,775. கம்பெனியும் அவர்தானே, எந்தப் பையிலிருந்து எடுத்தாலும் அவர் பைதான்.

"அப்ப ஜன்னல் இல்லாத ஜீப்பே வாங்கிடட்டுமா சார்? அது வேனாவேதானே இருக்கு?" என்றார். ஆமாம், பின் சீட்டும் ஜன்னலும் இல்லாத வண்டியை இந்த மாற்றம் தொடவில்லை. "ஆனா பிள்ளைங்களை எங்கே உட்கார வைக்கிறது?" என்று அவரே கேட்டுக்கொண்டார். இரண்டு பிள்ளைகள். வார நாளில் கேபிள் சுருளும் ஏணியும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. ஒரே வண்டியில் இரண்டும் நடக்கத்தான் டபுள் கேப் தேவைப்பட்டது. சொகுசுக்காகப் பிக்கப் வாங்கி வரியில் தப்பித்த மேலாளர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு எலெக்ட்ரிக் காருக்கு மாற வழியிருக்கிறது, அதற்கு இந்த வரி மிகவும் குறைவு. தொட்டியில் நிஜமாகவே சிமெண்ட் மூட்டை ஏற்றுபவருக்கு அந்த வழி எளிதில் இல்லை. அரசு மூட வேண்டிய ஓட்டையைத்தான் மூடியது என்பது என் எண்ணம். ஆனால் வண்டி என்ன வேலை செய்கிறது என்று கேட்டு மூடியிருக்கலாம். சீட்டை எண்ணி மூடியதால் உள்ளே நின்றவர்களில் நல்லவரும் மாட்டிக்கொண்டார். எழுபது வருடத்துக்கு முன் ஜீப் வழக்கில் நீதிபதிகள் கேட்ட கேள்வி சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

ஒரு சலுகை இருந்தது. 2025 ஏப்ரல் 6க்கு முன் வாங்கியிருந்தாலோ, குத்தகை எடுத்திருந்தாலோ, ஆர்டர் கொடுத்திருந்தாலோ, ஊழியர் வரிக்குப் பழைய விதியே. வண்டியை விற்கும் வரை, அல்லது குத்தகை முடியும் வரை, அல்லது 2029 ஏப்ரல் 5 வரை, எது முந்துகிறதோ அதுவரை. என் மாணவர் மார்ச் மாதம் ஆர்டர் கொடுத்தார். தொட்டிக்கு மூடி போடலாமா என்று கேட்டார். 45 கிலோ கணக்கைச் சொன்னேன். தார்பாய் வாங்கிக்கொண்டார்.